பக்கத்தில் வைத்தல்

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், எங்கிருந்தாலும் இதைத் தேடி வாசித்துவிட்டு, தன் பெயரின் வேர் எந்த மொழியில் கிடக்கிறது என்று மூன்று பக்கத்துக்குக் கடிதம் போடுவார். பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் எல்லோருக்கும் அவர் டென்மார்க் அண்ணை. பதினேழு வருடம் அந்த நாட்டில் இருந்துவிட்டு, அதன் கடவுச்சீட்டோடும் ஒரு பழைய அகராதியோடும் இங்கே வந்து சேர்ந்தவர். பொருள் சொல்லும் அகராதி இல்லை அது. டெனிஷ் மொழியின் ஒவ்வொரு சொல்லும் எங்கே பிறந்தது, யாரோடு ஓடிப்போனது, எந்தத் துறைமுகத்தில் உருமாறியது என்று சொல்கிற அகராதி. ஏதோ ஒரு சிற்றூர் நூலகம் கழித்துவிட்ட புத்தகம். முதுகு கிழிந்து, பழுப்பு நாடா ஒட்டி, ஒரு துணிப்பைக்குள் கிடக்கும். கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரிவார். கைக்குழந்தைகளை அவர் அப்படித் தூக்கி நான் கண்டதில்லை.

ஒரு கைக்குழந்தை வந்தது என்பதும் உண்மை. மெட்ரோ இரும்பை உலுக்கிக்கொண்டு தலைக்கு மேலே போகிற இடத்திலிருந்து இரண்டு நிமிட நடையில் ஓர் அக்கா நடத்திய தேத்தண்ணிக் கடை. கண்ணாடியோரத்து மேசை அவருடையது. அக்காவின் பெறாமகள், அவளுடைய தங்கை மகள், பிள்ளை பெற்று, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்து, முதல்முதல் வெளியே கொண்டுவந்திருந்தாள். எல்லோரும் எட்டிப் பார்த்தோம். கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு, உலகத்தின் மீது ஏற்கெனவே ஒரு சலிப்பு. அவர் எழும்பவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே தொடங்கினார்.

"டெனிஷிலை பிள்ளைக்கு பார்ன் எண்டு சொல்லுறது. சுமக்கிறது எண்ட வேரிலையிருந்து வந்தது. பார்ன் எண்டால் சுமக்கப்பட்டது."

"சுமந்தது நான் தானே அண்ணை," என்றாள் அவள். "எனக்குத் தெரியாதோ?"

கடை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சுமந்தவளுக்குத் தெரிந்ததும் வேரில் இருப்பதும் ஒன்றுதான் என்பதில் அவருக்கு ஒரு திருப்தி. அந்தத் திருப்தியோடு வடையைப் பிய்த்தார். பிள்ளை ஆணா பெண்ணா என்று கடைசிவரை கேட்கவில்லை.

எல்லாச் சொல்லும் தமிழிலிருந்து போனதுதான் என்று மேசையில் குத்துகிறவர்கள் லா சப்பலில் தெருவுக்கு நாலு பேர். அவர்களை நான் மன்னித்துவிடுவேன். அவர்களிடம் ஒரு பாசமாவது இருக்கிறது, தாய் பிள்ளையைப் பொய் சொல்லிப் புகழ்கிற மாதிரி. இவர் அந்த ரகம் இல்லை. அவர்களைக் கண்டால் உதடு கோணும். இவர் சொன்னது எல்லாம் சரி. அச்சிட்ட பக்கத்தில் விரலை வைத்துக் காட்டுவார். ஒருமுறைகூடப் பிழை பிடிக்க முடியாத மனிதரை நீங்கள் சந்தித்திருக்கிறீர்களா? பல்லிடுக்கில் போன தேங்காய்ப்பூ போல அவர் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தார்.

நன்றிக்கு டெனிஷில் டாக். நினைப்பது என்கிற சொல்லும் அதுவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளாம். நன்றி சொல்வதென்றால் உன்னை நினைக்கிறேன் என்று சொல்வதாம். அழகுதான். அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவர் யாருக்கும் நன்றி சொல்வதை நிறுத்திவிட்டார். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தால், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஒரு அங்குலம் ஆட்டுவார்.

"ஒரு சொல்லுச் சொன்னால் வாய் தேஞ்சு போகுமோ அண்ணை?"

"நினைச்சனான் பிள்ளை. நினைச்சால் காணும். வேர் அதுதான்."

"அப்ப நானும் தேத்தண்ணியை நினைச்சுப்போட்டு விடட்டோ?"

அவர் காதில் அது விழவில்லை. அவர் காது வேறு நூற்றாண்டில் இருந்தது.

சனிக்கிழமைக்கு லோர்தாக் என்று பெயர். குளிக்கும் நாள். கடலோடிய அந்தப் பழைய முரட்டு மனிதர்கள் கிழமைக்கு ஒருநாள், சனிக்கிழமை, தலைக்கு வார்த்துச் சீவிச் சுத்தமானார்களாம். இதை அவர் சொன்ன அன்று கடையில் பெயின்ற் அடிக்கும் வேலை செய்கிற ஒருவர் இருந்தார். மூக்கில் வெள்ளைப் பெயின்ற். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "அட, நாங்களும் சனிக்கிழமை தானே அண்ணை எண்ணெய் வைச்சு முழுகிறனாங்கள்." ஆயிரக்கணக்கான மைல் தாண்டி, பனிக்குள் ஒரு தூரத்துச் சொந்தம் கிடைத்த சந்தோசம் அந்த ஆளுக்கு. ஒரு நிமிடம் விட்டிருக்கலாம். விடவில்லை.

"அது வேறை, இது வேறை. உங்கட சனி கிரகம். அவையின்ர லோர் குளிப்பு. ரெண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. சும்மா முடிச்சுப் போடப்படாது."

பெயின்ற்காரர் தட்டில் பாதி கடித்திருந்த தன் ரோல்ஸைப் பார்த்துக்கொண்டு இருந்தார். குளிப்பைப் பற்றி அவ்வளவு துல்லியமாகப் பேசிய மனிதரின் சட்டைக் கழுத்தில் நான்கு சனிக்கிழமைகளின் அழுக்கு இருந்ததை நான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

நான் ஏன் அங்கே போய் உட்கார்ந்தேன் என்று கேட்கலாம். புறநகர் ஒபர்வில்லியேயில் சேலை மொத்தக் கிடங்கில் எனக்கு விடியற்காலை வேலை. பெட்டிகளைப் பிரித்து நிறம் நிறமாக அடுக்கி முடிக்கப் பத்து மணியாகும். அதற்குப் பிறகு அறைக்குப் போனால் நான்கு சுவர். அவரிடம் போனால் சொல். திருட வந்தேன் என்பதுதான் நேர்மையான பதில். அவர் வாயிலிருந்து விழும் சொற்களை எடுத்து, தூசி தட்டி, என் கவிதை வரிகளுக்குள் வைத்துக்கொண்டேன்.

வெண்டுவ என்றால் ஜன்னல். காற்று என்றொரு சொல், கண் என்றொரு சொல், இரண்டும் ஒட்டிப் பிறந்தது. கண்ணாடி வராத காலத்தில் வடக்குத் தேசத்து வீட்டுக் கூரையில் ஓர் ஓட்டை. அடுப்புப் புகை அதால் போகும், காற்று அதால் பார்க்கும். காற்றின் கண். நம்மிடம் பலகணி உண்டு, காலதர் உண்டு, ஆனாலும் இது எனக்குள் போய் விளக்கேற்றியது. அதை வைத்து ஒன்று எழுதினேன். ஒரு சின்னக் கூட்டத்தில் வாசித்தபோது ஆட்கள் 'ஆ' என்றார்கள். பின்வரிசையில் இருந்த அவர் முடிந்ததும் கிட்ட வந்தார். தன் சொல்லை எடுத்துவிட்டேன் என்று கோபித்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

"கூரை எண்டு போட்டிருக்க வேணும், தம்பி. நீர் சுவர் எண்டு போட்டிட்டீர்."

அவ்வளவுதான். ஒருமுறை அவருடைய அறைக்குப் போனேன். ஏழாம் மாடி, லிஃப்ட் இல்லை. ஒரு கட்டில், ஒரு மின் அடுப்பு, ஒரு ஜன்னல். ஜன்னலை முழுதாக மறைத்து, பழைய பழப்பெட்டிகள் நிலத்திலிருந்து உத்தரம் வரை. பெட்டிகளுக்குள் ஆயிரக்கணக்கான காகிதத் துண்டுகள், துண்டுக்கு ஒரு சொல். பகலில் லைட் எரிந்தது. மூச்சு முட்டியது எனக்கு. கொஞ்சம் திறப்பமோ என்று கேட்டேன்.

"காத்து வந்தால் துண்டுகள் பறக்கும்," என்றார்.

டென்மார்க்கில் பன்றி வெட்டும் தொழிற்சாலையில் நின்று முதுகு போய்விட்டது என்று யாரோ சொன்னார்கள். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அங்கேயே என்று இன்னொருவர் சொன்னார். ஒரு சொல்லைப் பற்றிக் கேட்டால் ஒரு மணிநேரம் பேசுகிறவர், அவர்களைப் பற்றிக் கேட்டால் தேத்தண்ணியைக் குடித்து முடிப்பார். கோப்பையின் அடியை அண்ணாந்து, அதிலும் ஏதோ எழுதியிருப்பது போல, நெடுநேரம் பார்ப்பார். இரங்கத் தோன்றும். இரங்கலாம் என்று வாயெடுக்கும் நேரத்தில் ஏதாவது செய்துவிடுவார்.

ஒரு தை மாதக் குளிரில் இருவரும் மெட்ரோத் தூண்களுக்குக் கீழால் நடந்தோம். லா சப்பலுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்லிக்கொண்டு வந்தார். "முந்தி ஒரு புனிதர், குளிரிலை நடுங்கின பிச்சைக்காரனுக்குத் தன்ர போர்வையைப் பாதியாய் வெட்டிக் குடுத்தவர். மிச்சப் பாதியை ராசாக்கள் ஒரு அறைக்குள்ளை வைச்சு வணங்கினவை. போர்வைக்கு கப்பா. சின்னப் போர்வைக்கு கப்பெல்லா. அதை வைச்ச அறைக்கும் அந்தப் பேரே ஒட்டிட்டுது. இவைக்கு சப்பல், டெனிஷ்காரருக்கு கபெல்." தூணடியில் அட்டை விரித்து ஒருவன் படுத்திருந்தான். சப்பாத்தில்லாத ஒரு கால் நடைபாதைக்கு நீண்டிருந்தது. கப்பெல்லா என்று சொல்லிக்கொண்டே அவர் அந்தக் காலைத் தாண்டினார். நானும் தாண்டினேன். தாண்டியது எனக்காவது தெரிந்தது.

இதெல்லாம் சில்லறை. இதற்காக ஒருவரை இவ்வளவு காலம் மனதுக்குள் வைத்துக் கரிக்கத் தேவையில்லை. அந்தப் புதன்கிழமை இல்லாவிட்டால் அவரை நான் ஒரு பகிடியாக மறந்திருப்பேன்.

புதன் பதினொரு மணிபோல ஒரு பெண் கடைக்குள் வந்தாள். நாற்பது வயதிருக்கும். வன்னிப் பக்கம். கூசேன்வில்லில் இருந்துகொண்டு விமான நிலையத்தில் விமானங்களைத் துப்புரவாக்குகிற வேலை. அந்த நீலக் காற்சட்டையோடேயே வந்திருந்தாள். அக்காவுக்குப் பழக்கம். கையில் ஒரு தாள். டென்மார்க்கில் அவளுடைய தமையன் தனியாக இருந்தவர், அறைக்குள்ளேயே இறந்துபோனார். நெஞ்சு வருத்தம். அங்கத்தைய அலுவலகம் இவளுடைய ஊர் நகரசபையான மெரிக்குச் செய்தி அனுப்ப, மெரியில் ஒரு வெள்ளைக்காரி அவளைக் கூப்பிட்டு இருத்தி, தண்ணீர் கொடுத்து, தமையன் இல்லை என்பதைப் பிரெஞ்சில் சொல்லி, கூட வந்த டெனிஷ் தாளை அச்சடித்துக் கையில் கொடுத்திருந்தாள்.

"எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம் அண்ணை," என்றாள் அவள், நின்றபடியே. "நான் நாளைக்கே வெளிக்கிட வேணுமோ, இல்லாட்டித் திங்கட்கிழமை வெளிக்கிட்டால் காணுமோ? அதை மட்டும் பாத்துச் சொல்லுங்கோ."

அக்கா கதிரையை இழுத்துப் போட்டாள். அவள் உட்காரவில்லை.

"வேலையிடத்து ஷெஃப் திங்களிலையிருந்துதான் லீவு தருவன் எண்டவன். அதுக்கு முன்னம் போனால் வந்து வேலை இருக்குமோ தெரியாது. போனால் போகட்டும். முகம் பாக்கக் கிடைக்குமெண்டால் இண்டைக்கே பஸ் ஏறுவன். அம்மாவுக்கும் வாய்க்கரிசி போடக் கிடைக்கேல்லை. அப்பாவுக்கும் கிடைக்கேல்லை. அவையள் எங்கை கிடந்தவை எண்டும் தெரியாது. இவருக்காவது போட வேணும்."



அக்காதான் முதலில் தன் கைத்தொலைபேசியை எடுத்து தாளுக்கு மேலே பிடித்தாள். எழுத்துகள் திரையில் நெளிந்து தமிழாக மாறின. "வெள்ளி, பதினொரு மணி," என்று வாசித்தாள். "வாத்தியக் குழுவில் இறுதிச் சடங்கு."

"வாத்தியக் குழுவோ?"

இரண்டு பொருள் உள்ள கபெல் என்ற சொல்லை இயந்திரம் வாத்தியக் குழுவாக்கியிருந்தது. அந்தத் துக்கத்துக்குள்ளும் யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார். டென்மார்க் அண்ணை சிரிக்கவில்லை. கையை நீட்டினார். தாள் அவரிடம் போனது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, மூக்கால் வாசிப்பதுபோல வாசித்தார். அந்தப் பெண் அவருடைய உதடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாடி பார்க்கிற வைத்தியருக்கு முன்னால் நிற்பது போல.

"மெசினுக்கு வேர் தெரியாது," என்றார். "இதிலை இறுதிச் சடங்கு எண்டு இல்லை. பிசெட்டெல்ஸ எண்டு இருக்கு. பி எண்டால் பக்கத்திலை. செட்ட எண்டால் வைக்கிறது. ஜெர்மன்காரரைப் பாத்து எடுத்த சொல்லு."

அகராதி வெளியே வந்தது. பக்கம் திறந்தது. விரல் வரியில் ஓடியது. முந்திய காலத்தில் ஆள் இறந்தால், குழி ஆயத்தமாகும் வரை, தூரத்து உறவுகள் வந்து சேரும் வரை, பெட்டியைக் கோயிலுக்குள் ஒரு பக்கமாக வைத்திருப்பார்களாம். அப்படி வைப்பதற்குத்தான் அந்தச் சொல். "என்ன மரியாதை பாருங்கோ," என்றார். குரல் நெகிழ்ந்திருந்தது. சொல்லுக்காக நெகிழ்ந்த குரல். "தாட்டதும் இல்லை, எரிச்சதும் இல்லை. பக்கத்திலை வைக்கிறது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவரைக் கொண்டுபோய் கபெல்லுக்குள்ளை வைக்கினம். கபெல் எண்டால் சப்பல். பாருங்கோ, நாங்கள் நிக்கிற இடத்தின்ர பேர்தான். அங்கை வைச்சிருப்பினம்."

"நான் வரும்வரைக்குமோ?"

"அதுதானே சொல்லின்ர கருத்து. உறவுக்காரர் வரும்வரைக்கும். அவசரப்படத் தேவையில்லை. திங்கள் வெளிக்கிடுங்கோ."

அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் வந்ததை எப்படி எழுத? தமையன் செத்ததற்குப் பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி அது. குளிரான ஒரு நாட்டில், ஒரு சின்னக் கோயிலுக்குள், அண்ணன் தனக்காகக் காத்துக்கொண்டு கிடக்கிறான். அந்தப் படத்தை அவளுடைய கண்ணுக்குள் வைத்தது அவர்தான்.

நான் ஒன்று சொன்னேன். சொன்னேன் என்று பிறகு என்னை நானே பலமுறை சமாதானப்படுத்தியிருக்கிறேன். "அண்ணை, கீழை ஒரு நம்பர் இருக்கு. ஒருக்கா எடுத்துக் கேட்டால் என்ன?"

"வாசிக்கத் தெரியாதவன் தான் போன் எடுத்துக் கேப்பான், தம்பி."

நான் அதற்கு மேல் பேசவில்லை. அவருடைய வாய்க்குப் பயந்து இல்லை. பக்கத்தில் வைத்தல் என்ற அந்தச் சொல் என் தலைக்குள் ஏற்கெனவே மணி அடிக்கத் தொடங்கியிருந்தது. அறைக்குப் போய் அதைக் குறித்து வைத்தேன். இயந்திரம் சொன்னது சரியாக இருக்கலாம் என்று அந்தக் கடையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இயந்திரத்தை நமக்குத் தெரியாது. அண்ணையைத் தெரியும்.

திங்கள் மாலை அவள் பஸ் ஏறினாள். ஒரு கைலேஞ்சியில் ஒரு பிடி பச்சையரிசியை முடிந்து கொண்டுபோனாள். ஜெர்மன் எல்லையில் பொலிஸ் பையைச் சோதித்தபோது அதை அவிழ்த்துக் காட்டச் சொன்னதாம். அரிசி. என்னத்துக்கு என்று கேட்டதற்கு, அவள் தன் வாயைத் தொட்டுக் காட்டினாளாம். சாப்பாடு என்று நினைத்து விட்டுவிட்டார்கள்.

செவ்வாய் பின்னேரம் அவளிடமிருந்து அக்காவுக்கு போன் வந்தது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அந்தக் கபெல்லில் பத்து நிமிடம் ஏதோ வாசித்து, பெட்டியை நேரே எரிக்கக் கொண்டுபோய்விட்டார்கள். பிசெட்டெல்ஸ என்றால் இன்றைக்கு டென்மார்க்கில் அதுதான். எரிப்பதற்கு முன் நடத்துகிற சடங்கு. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்லாம். அலுவலகத்திலிருந்து ஒரு ஆளும், அடுத்த வீட்டுக் கிழவி ஒருத்தியும் மட்டும் வந்திருந்தார்கள். கிழவி ஒரு வெள்ளைப் பூ வைத்தாளாம். இவளுக்கு அதை விளங்கப்படுத்த அங்கிருந்த பெண் கைத்தொலைபேசியில் தட்டித் தமிழில் காட்டியிருக்கிறாள்: எரிந்து முடிந்துவிட்டது. இந்த முறை இயந்திரம் ஒரு சொல்லும் பிழைவிடவில்லை.

புதன் காலை அக்கா அவருக்காகக் காத்திருந்தாள். தேத்தண்ணி வைக்கவில்லை. நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டார். கேட்டுவிட்டு என்ன செய்தார் என்கிறீர்கள்? பையிலிருந்து அகராதியை எடுத்தார்.

"நான் சொன்னது பிழை இல்லைப் பிள்ளை. இஞ்சை பாருங்கோ, வேர் இதுதான். சனங்கள் பிறகு மாத்திப் பாவிக்கினம்."

"அந்தச் சனத்துக்குள்ளை பதினேழு வருசம் இருந்தது ஆர் அண்ணை? நானோ?"

அவர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் அங்கை ஒரு செத்தவீட்டுக்கும் போகேல்லை."

பதினேழு வருடம். கூட நின்று பன்றி வெட்டியவன் செத்திருப்பான், அவனுடைய தாய் செத்திருப்பாள், அடுத்த கதவுக்காரன் செத்திருப்பான். ஒரு சாவுக்கும் போகாத மனிதர், சாவுக்கான சொல்லின் பூட்டனாரைத் தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்தார். அந்த இடத்தில் என் இகழ்ச்சிக்குள் ஏதோ ஒன்று, குளிரில் கை விறைப்பது போல, விறைத்தது. ஆனால் அவர் உடனே நிமிர்ந்து, அகராதியில் 'வழக்கு மாற்றம்' பற்றிய குறிப்பு ஒன்றை வாசிக்கத் தொடங்கினார். இகழ்ச்சி மறுபடி சூடாகிவிட்டது.

அவள் வியாழன் வந்தாள். அக்கா, அண்ணை, நான் மூன்று பேரும் கடையில் இருந்தோம். அவள் ஏசுவாள் என்று நினைத்தேன். கதிரையை எடுத்து அவருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். அழுது காய்ந்த முகம். பழைய தாளோடு இன்னொரு துண்டையும் மேசையில் வைத்தாள். அதில் ஒரு நம்பர் கையால் எழுதியிருந்தது.

"சாம்பல் அங்கை இருக்காம் அண்ணை. அதை எனக்குத் தருவினமோ, கடலிலை கரைக்க விடுவினமோ எண்டு தெரியேல்லை. அந்தப் பிள்ளை ஏதோ சொன்னவள், எனக்கு விளங்கேல்லை. இந்த நம்பருக்கு எடுத்துக் கேளுங்கோ."

"எழுதிக் கேக்கலாம்," என்றார் அவர். "எழுத்திலை எண்டால் தெளிவு."

அவள் நம்பரைத் தானே அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு, தொலைபேசியை அவருக்கு முன்னால் வைத்தாள். மணி போனது. அக்கா துடைத்துக்கொண்டிருந்த துணியை விட்டாள். எனக்குள் ஒரு கேவலமான ஆசை எழும்பியது. இப்போது இந்த ஆள் தடுமாறப் போகிறார், பேசத் தெரியாது, புத்தகப் பூச்சி, பதினேழு வருடமும் பொய், எல்லோருக்கும் முன்னால் உரியப் போகிறது என்று காத்திருந்தேன்.

மறுமுனையில் ஒரு பெண்குரல். அவர் பேசினார்.

தண்ணீர் மாதிரிப் பேசினார். தொண்டைக்குள் உருளும் அந்த மொழி அவர் வாயில் கூழாங்கல்லாகக் குளிர்ந்து வழுக்கியது. மறுமுனைப் பெண் ஏதோ சொல்லச் சின்னதாகச் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்ட ஒரே தடவை. ஒரு சொல்லுக்கும் வேர் சொல்லவில்லை. கேட்டார், கேட்டுக்கொண்டார், இடையிடையே யா, யா என்றார். கடைசியில் டாக் என்றார். உரக்கவே சொன்னார். தொலைபேசி அணைந்தது. திரையில் இரண்டு நிமிடமும் சில நொடிகளும்.

"கடலிலை போட விடுவினமாம்," என்றார் தமிழில். "ஒரு போம் அனுப்புவினமாம். நிரப்பிக் கையெழுத்து வைச்சு அனுப்ப வேணும். அதுவரைக்கும் வைச்சிருப்பினமாம். அவசரம் இல்லையாம்."

"அவ்வளவுதானோ?"

"ஓம். அவ்வளவுதான்."

அவள் அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை. ஒரு கணக்கை மெதுவாக விளங்கிக்கொள்கிற பிள்ளையின் முகம்.

"இதைத்தானே அண்ணை நான் அண்டைக்கும் கேட்டனான்."

வெளியே ஒரு மெட்ரோ போனது. மேசையில் கரண்டி நடுங்கி நின்றது. அவர் தாளைப் பார்த்தார். இப்போது சொல்வார் என்று நினைத்தேன். ஒரு சொல் போதும். உலகத்தில் எல்லா மொழியிலும் அதற்கு ஒரு சொல் இருக்கிறது. அக்காவும் அதற்காகத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்று பிறகு சொன்னாள்.

அவள் எழும்பித் தன் பையைத் தோளில் போட்டாள். தாளை எடுக்கக் கை நீட்டினாள். அப்போது அவருடைய விரல்கள் தாளின் மறு ஓரத்தைத் தொட்டன.

"பிள்ளை," என்றார், "இந்தக் கடிதத்திலை எனக்கு ஒரு கொப்பி வேணும். இந்தச் சொல்லு இப்ப எப்பிடிப் பாவிக்கினம் எண்டதுக்கு என்னட்டை உதாரணம் இல்லை."

அக்கா ஏதோ சொல்லத் தொடங்கினாள். அந்தப் பெண் கையால் அவளை மறித்தாள். தாளை விட்டாள்.

"கொப்பி என்னத்துக்கு அண்ணை? இதையே வைச்சிருங்கோ. எனக்கு இனி இதிலை வாசிக்க ஒண்டும் இல்லை."

அவர் வாங்கிக்கொண்டார்.